காயம் இருக்கிறது, கடதாசி இல்லை

கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் நடந்த நடமாடும் சேவைக்கு நான் போனது காணிப் பிரச்சினை பற்றி எழுதுவதற்காக. மண்டபத்தில் வரிசையாக மேசைகள் போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்து வரிசையில் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். இடது முழங்கால் மடங்காது. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது சண்டையில வந்தது எண்டதுக்கு என்ன இருக்கு அண்ணை?" என்று கேட்டார் மேசையில் இருந்தவர்.

அவர் காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்திக் காட்டினார்.

"அது தெரியுது. கடதாசி ஏதும் இருக்கோ?"

"மாத்தளன் ஆஸ்பத்திரியில ஒரு துண்டு தந்தவை. அது பையோட போட்டுது."

மேசையில் இருந்தவர் கடுமையாகப் பேசவில்லை. ஆனால், படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. பிறகு வேப்பமரத்தடியில் அவரோடு கதைத்தேன். "அந்தத் தம்பி கேட்டதில பிழை இல்லைப் பிள்ளை. அவருக்கு மேல அனுப்ப ஒரு கடதாசி வேணும். என்னட்ட இருக்கிறது இந்தக் கால் மட்டும்தான்" என்றார்.

வீடு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒருவருடைய உடலில் இருக்கும் பாதிப்பு போரினால்தான் வந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? ஆவணம் அழிந்துபோனால் என்ன செய்வது? இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. நூறு வருடங்களுக்கும் மேலாக இதைப் பற்றிச் சட்டம் எழுதி, வழக்காடி, தீர்ப்புச் சொல்லிவரும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே போருக்குப் போய்த் திரும்பிய படைவீரர் தன் பாதிப்புக்கு மாதாந்தக் கொடுப்பனவு பெற வேண்டுமானால், அது படைச்சேவையோடு தொடர்புடையது என்று காட்ட வேண்டும்.

இதை வாசிக்கும் சிலருக்கு ஒரு கேள்வி வரும். உலகத்தின் பலம்மிக்க இராணுவம் தன் ஆட்களுக்குச் செய்வதை நாங்கள் ஏன் அறிய வேண்டும்? எனக்கும் அது வந்தது. ஆனால் வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. அங்கேயும் ஆவணம் எரிந்திருக்கிறது. அங்கேயும் காயப்பட்ட அன்று எழுதிவைக்க ஆள் இருக்கவில்லை. அதற்கு அவர்கள் கண்ட வழிகளில் எங்களுக்கும் பாடம் இருக்கிறது.

மூன்று விடயங்கள்

அமெரிக்கப் படைவீரர் விவகாரத் திணைக்களத்திடம் விண்ணப்பிப்பவர் அடிப்படையில் மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும்.

முதலாவது, இப்போது அவருக்கு ஒரு நோயோ பாதிப்போ இருக்கிறது. இரண்டாவது, படைச்சேவைக் காலத்தில் ஏதோ நடந்தது: காயம், நோய், விபத்து அல்லது ஒரு நச்சுப்பொருளின் தாக்கம். மூன்றாவது, அன்று நடந்ததற்கும் இன்று இருப்பதற்கும் தொடர்பு உண்டு. இந்த மூன்றும் நீதிமன்றத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும். 2004 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று வழங்கிய ஷெடன் எதிர் பிரின்சிபி தீர்ப்பு இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது.

எங்கள் ஆட்களில் பலர் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மண்டபத்தில் அந்த அண்ணை காலைத் தூக்கிக் காட்டினார். அது முதலாவதற்கு விடை. மேசையில் இருந்தவர் கேட்டது இரண்டாவதும் மூன்றாவதும். இருவரும் வெவ்வேறு கேள்விகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிப்பு எவ்வளவு பெரியது என்பது நான்காவது கேள்வி. அமெரிக்காவில் தொடர்பு ஏற்கப்பட்ட பிறகுதான் அதைப் பார்க்கிறார்கள். 0 இலிருந்து 100 வரை பத்துப் பத்தாக வீதம் போடுவார்கள். 0 வீதம் என்றுகூடத் தீர்மானிக்கலாம். அப்போது பணம் வராது. ஆனால், இந்தப் பாதிப்பு சேவையினால் வந்தது என்ற பதிவு இருக்கும். பத்து வருடங்களுக்குப் பிறகு அது மோசமானால், ஆரம்பத்திலிருந்து நிரூபிக்கத் தேவையில்லை. பணம் கிடைக்காவிட்டாலும் பதிவு பெறுமதியானது என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கடதாசி எரிந்த இரவு

இரண்டாவது விடயத்துக்கு வழமையான ஆதாரம் இராணுவத்தின் மருத்துவப் பதிவேடு. அந்தப் பதிவேடே இல்லாவிட்டால்?

1973 ஜூலை 12 அதிகாலை, மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த தேசிய ஆளணிப் பதிவேட்டு நிலையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. அணைப்பதற்கு நாட்கணக்கானது. 1 கோடி 60 இலட்சத்துக்கும் 1 கோடி 80 இலட்சத்துக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையிலான படைவீரர் கோவைகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோவைகளில் ஏறக்குறைய 80 வீதம் போனது. பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. எந்தெந்தக் கோவை இருந்தது என்ற அட்டவணைகூட இருக்கவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் காயப்பட்டவர்கள் பலரின் ஒரே ஆதாரம் ஓர் இரவில் இல்லாமல்போனது.

"உன்னிடம் கடதாசி இல்லை, போ" என்று அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கடதாசியைத் தொலைத்தது அரசாங்கம். அதனால், பதிவேடு அரசாங்கத்தின் கையிலிருந்து அழிந்திருந்தால், தீர்மானத்துக்கான காரணங்களை விளக்குவதிலும் சந்தேகத்தின் பலனைக் கவனிப்பதிலும் திணைக்களத்துக்கு வழமையைவிடக் கூடுதல் கடமை உண்டு என்று நீதிமன்றம் 1991 இல் சொன்னது. வேறு இடங்களில் தேடவும் தொடங்கினார்கள். படையணிகள் நாளாந்தம் எழுதிய அறிக்கைகளில், இன்னார் இன்று வைத்தியசாலைக்குப் போனார் என்று ஒரு வரி இருக்கும். சம்பளப் பட்டியலைப் பார்த்தால் ஒருவர் எந்தத் திகதியில் எங்கே இருந்தார் என்று தெரியும். தீயில் தப்பி நீரில் ஊறிய தாள்களை உலரவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். ஓரம் கருகிய அந்தத் தாள்களை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இவற்றோடு சாதாரண மனிதர்களின் வாக்குமூலமும் சேர்க்கப்பட்டது. கூட நின்றவர் எழுதும் கடிதம், காயப்பட்டவர் அந்த நாட்களில் வீட்டுக்கு எழுதிய கடிதம், திரும்பி வந்த நாளிலிருந்து அவர் நொண்டி நடப்பதைப் பார்த்த மனைவியின் கூற்று, அன்று எடுத்த புகைப்படம். அந்தக் காலத்து மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் வாக்குமூலத்தை நம்பமுடியாது என்று ஒதுக்கக்கூடாது என 2006 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. வாக்குமூலத்தை ஆராயலாம், வேறு சான்றுகளோடு ஒப்பிடலாம். கடதாசி இல்லை என்பதை மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

ஒரு சாதாரண ஆள் எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்பதிலும் அவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். "அவருடைய கால் முறிந்ததைக் கண்டேன், இரத்தம் ஓடியதைக் கண்டேன், காது கேட்கவில்லை என்று அன்றைக்கே சொன்னார்" என்று சொல்லலாம். "அவருக்கு இப்போது வந்திருக்கும் புற்றுநோய் அதனால்தான்" என்று சொன்னால் அதற்குப் பெரும்பாலும் பெறுமதி இருக்காது. அது வைத்தியர் சொல்ல வேண்டியது.

களத்தில் யார் எழுதுவது?

சண்டை நடக்கும் இடத்தில் ஆவணம் ஒழுங்காக எழுதப்படாது என்பது போரைக் கண்டவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதல்ல. அமெரிக்கச் சட்டம் இதை 1941 இலேயே ஏற்றுக்கொண்டது. நேரடிச் சண்டையில் ஈடுபட்ட ஒருவர் தனக்கு இப்படி நடந்தது என்று சொன்னால், அந்தக் கூற்று அந்தக் களத்தின் நிலைமைகளோடு பொருந்துமானால், உத்தியோகபூர்வப் பதிவு இல்லாவிட்டாலும் அதை ஏற்க வேண்டும். மறுப்பதானால், தெளிவான, உறுதியான எதிர்ச் சான்றைக் காட்டவேண்டியது அரசாங்கம்.

இந்தச் சலுகைக்கும் எல்லை உண்டு. அது இரண்டாவது விடயத்தை மட்டுமே நிரப்பும். இன்று இருக்கும் நோயையும், இரண்டுக்குமுள்ள தொடர்பையும் தனியாகக் காட்டியே ஆகவேண்டும்.

மனக்காயம் இன்னும் சிக்கலானது. போருக்குப் பிந்திய மனவடு நோய்க்கு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம் கிடைத்ததே 1980 இல்தான். அதன்பிறகும் பல வருடங்களாக, மனதைப் பாதித்த குறிப்பிட்ட சம்பவம் நடந்தது என்பதற்குச் சான்று கேட்டார்கள். எந்த இடத்தில், எந்தத் திகதியில், யார் செத்தது என்று கேட்டார்கள். 2010 ஜூலையில் விதி தளர்த்தப்பட்டது. எதிரியின் தாக்குதலுக்கோ பயங்கரவாதத் தாக்குதலுக்கோ அஞ்சி வாழ்ந்ததே காரணம் என்று திணைக்களத்தின் உளமருத்துவரோ உளவியலாளரோ உறுதிப்படுத்தி, அந்த அச்சம் அவர் இருந்த இடத்துக்கும் சூழ்நிலைக்கும் பொருந்துமானால், சம்பவத்துக்குத் தனிச் சான்று தேவையில்லை.

படைக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு வேறு விதி இருக்கிறது. பெரும்பாலானோர் அதை அன்று முறையிட்டிருக்க மாட்டார்கள். ஆகவே நடத்தையில் ஏற்பட்ட மாற்றத்தைச் சான்றாகப் பார்க்கச் சொல்கிறது விதி. திடீரென இடமாற்றம் கேட்டாரா? வேலையில் நன்றாக இருந்தவர் சடுதியாகச் சரிந்தாரா? மதுவுக்குப் போனாரா? முறைப்பாடு இல்லாததை, சம்பவம் நடக்கவில்லை என்பதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளாத ஒரு விதி இது. எங்கள் பெண்கள் பலர் வாயே திறக்காமல் வைத்திருக்கும் விடயங்களை நினைத்துக்கொண்டு இந்த விதியை இரண்டு தடவை வாசித்தேன்.

அன்றும் இன்றும்: தொடர்பைக் காட்டுவது

அதிகமான விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது மூன்றாவது இடத்தில். 22 வயதில் வாகனம் கவிழ்ந்து முதுகில் அடிபட்டது பதிவில் இருக்கிறது. 55 வயதில் முதுகுவலி இருப்பதும் பதிவில் இருக்கிறது. நடுவில் 33 வருடம் வைத்தியரிடம் போனதற்கு ஒரு துண்டும் இல்லை. "இது வயது போனதால் வந்த வலி" என்று எழுதிவிடலாம்.

இங்கே வைத்தியரின் கருத்து முக்கியமாகிறது. அந்தக் கருத்து எந்த அளவு உறுதியாக இருக்க வேண்டும்? "நிச்சயமாக" என்று எழுதத் தேவையில்லை. அதனால் வந்திருப்பதற்கான சாத்தியம் குறைந்தது சரிபாதி என்று எழுதினால் போதும். ஆனால் "இருக்கலாம்", "சாத்தியமுண்டு" என்று மட்டும் எழுதினால் அது வெறும் ஊகம் என்று தள்ளிவிடுவார்கள். அதைவிட முக்கியம், ஏன் என்ற விளக்கம். எந்தப் பரிசோதனையைச் செய்தார், எந்த எக்ஸ்ரேயைப் பார்த்தார், எதனால் அந்த முடிவுக்கு வந்தார் என்று எழுதாத வைத்தியரின் ஒற்றை வரிக்குப் பெறுமதி குறைவு. 2008 இல் வந்த ஒரு தீர்ப்பு, கருத்துக்குப் பெறுமதி கொடுப்பது அதன் பின்னாலுள்ள காரணமே என்று சொல்லியது.

தொடர்பு நேரடியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. காயப்பட்ட இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்து வலது இடுப்பு தேய்ந்திருந்தால், அந்த இடுப்பும் கணக்கில் வரும். ஏற்கனவே இருந்த நோய் சேவையினால் மோசமானாலும் வரும். படையில் சேரும்போது நடந்த பரிசோதனையில் குறிக்கப்படாத நோய் இருந்ததாக அரசாங்கம் பிறகு சொன்னால், அதை அரசாங்கமே நிரூபிக்க வேண்டும். நல்ல உடம்போடு எடுத்தாய், ஆகவே நல்ல உடம்போடுதான் வந்தார் என்று கொள்ள வேண்டும் என்பது அதன் நியாயம்.

சந்தேகத்தின் பலன்

எல்லாச் சான்றுகளையும் தராசில் போட்டபின் இரண்டு தட்டும் ஏறக்குறையச் சமமாக நின்றால் யாருக்குச் சாதகமாகத் தீர்ப்பது? சாதாரண சிவில் வழக்கில், நிரூபிக்க வேண்டியவர் தோற்பார். படைவீரர் சட்டத்தில் அப்படியில்லை. சமமாக நின்றால் விண்ணப்பதாரருக்கே சாதகம். 1990 இல் இதை விளக்கிய நீதிமன்றம், சிறுவர்கள் வெறும் வளவில் ஆடும் பேஸ்போல் விதியை உவமை காட்டியது: பந்தும் ஓடுபவரும் ஒரே நேரத்தில் வந்தால் ஓடுபவர் ஆட்டமிழக்கவில்லை. எங்களுக்கு விளங்குவதற்குக் கிரிக்கெட் போதும். நடுவருக்குச் சந்தேகமென்றால் அதன் பலன் துடுப்பாட்டக்காரருக்கு.

இதெல்லாம் தானாக வந்ததல்ல. 1988 வரை, கொடுப்பனவு மறுக்கப்பட்ட ஒருவர் அந்த முடிவை எதிர்த்துப் பொதுவாக நீதிமன்றம் போகவே முடியாது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுத்தான் தனி நீதிமன்றம் ஒன்று உருவானது. மேலே சொன்ன தீர்ப்புகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இன்றும் மறுப்புகள் உண்டு, காத்திருப்பு உண்டு, அவசரமாக முடிக்கப்படும் மருத்துவப் பரிசோதனைகள் உண்டு. ஒழுக்கக்கேட்டுக்காகப் படையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வாசலிலேயே தடுக்கப்படுகிறார்கள். அந்த ஒழுக்கக்கேட்டுக்குக் காரணமே மனக்காயமாக இருந்த கதைகளும் உண்டு.

ஒரே மருந்து, இரண்டு நியாயம்

இனி வரும் பகுதிக்காகவே இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன்.

1962 இலிருந்து 1971 வரை அமெரிக்க விமானங்கள் வியட்நாமின் காடுகள் மீதும் பயிர்கள் மீதும் களைகொல்லி தெளித்தன. அதிகம் பேசப்படுவது ஏஜென்ட் ஒரேஞ்ச். அதில் டயொக்சின் என்ற நச்சு கலந்திருந்தது. திரும்பிய படைவீரர்களுக்குப் புற்றுநோய்கள் வந்தன, வேறு நோய்கள் வந்தன. திணைக்களம் ஒரு தோல் நோயைத் தவிர மற்றவற்றை நீண்டகாலம் ஏற்கவில்லை. இந்த மருந்துதான் இந்த நோய்க்குக் காரணம் என்று நிரூபி என்றது. 1989 இல் நீதிமன்றம் தலையிட்டு, காரணகாரியம் நிரூபிக்கப்பட வேண்டும் என்ற அந்த அளவுகோல் மிகக் கடுமையானது, புள்ளிவிபர ரீதியான தொடர்பைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று விதியைச் செல்லாததாக்கியது.

1991 இல் ஏஜென்ட் ஒரேஞ்ச் சட்டம் வந்தது. அதன்படி, 1962 ஜனவரி 9 இலிருந்து 1975 மே 7 வரையான காலத்தில் வியட்நாமில் சேவையாற்றிய ஒருவருக்குப் பட்டியலிலுள்ள நோய் இருந்தால் போதும். அவர்மேல் மருந்து பட்டதா என்று கேட்பதில்லை. பட்டதால்தான் நோய் வந்ததா என்றும் கேட்பதில்லை. இரண்டையும் சட்டம் தானே அனுமானித்துக்கொள்ளும். பட்டியல் நீண்டது: இரண்டாம் வகை நீரிழிவு, இதயத்துக்குக் குருதி குறையும் நோய், பார்க்கின்சன் நோய். கரையில் கால்வைக்காமல் கடலில் கப்பலில் நின்றவர்களையும் 2019 இல் சேர்த்தார்கள். 2022 ஓகஸ்டில் வந்த பக்ட் சட்டம் உயர் இரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பை எரித்த குழிகளின் புகையால் வந்த நோய்களுக்கும் இதே அனுமானத்தைக் கொடுத்தது.

நீரிழிவு யாருக்கும் வரும். குறிப்பிட்ட ஒருவருக்கு அது மருந்தால் வந்ததா, பரம்பரையால் வந்ததா என்று உலகத்தில் எந்த வைத்தியராலும் அடித்துச் சொல்ல முடியாது. நிரூபிக்க முடியாத இடத்தில் யார் நட்டத்தைத் தாங்குவது என்பதைத்தான் சட்டம் தீர்மானித்தது. அந்த நட்டத்தைப் படைவீரர் தாங்கவேண்டியதில்லை, அரசு தாங்கட்டும் என்றது.

அந்த மருந்து விழுந்த நிலத்தில் வாழ்ந்த மக்களுக்கு?

2003 இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க விமானங்களின் பறப்புப் பதிவுகளையும் கிராமங்களின் சனத்தொகைப் பதிவுகளையும் ஒப்பிட்டது. குறைந்தது 21 இலட்சம், கூடியது 48 இலட்சம் பேர் தெளிக்கப்பட்ட கிராமங்களில் இருந்திருப்பார்கள் என்று கணக்கிட்டது. வியட்நாமியர்கள் அந்த மருந்தைத் தயாரித்த நிறுவனங்களுக்கு எதிராக நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தார்கள். 2005 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது. அந்தக் காலத்தில் களைகொல்லியைப் பயன்படுத்துவதைச் சர்வதேச சட்டம் தடுத்திருக்கவில்லை என்பது பிரதான காரணம். 2008 இல் மேன்முறையீடும் தோற்றது. 2009 மார்ச்சில் உயர் நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அதே நிறுவனங்கள் அமெரிக்கப் படைவீரர்களோடு 1984 இலேயே 18 கோடி டொலருக்கு இணக்கத்துக்கு வந்திருந்தன.

வியட்நாமில் சேவையாற்றிய அமெரிக்கர்களின் பிள்ளைகள் முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்தால் கொடுப்பனவு வழங்க 1996 இல் சட்டம் வந்தது. வியட்நாமியத் தாய் பெற்ற பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. பின்னாளில் அமெரிக்கா டா நாங் விமானத்தளத்து மண்ணைச் சுத்திகரிக்கவும், தெளிக்கப்பட்ட பகுதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவவும் நிதி கொடுத்தது. ஆனால் அது உதவி. உரிமை என்ற பெயரில் தரப்படவில்லை.

ஒரே மருந்து. ஒரே காலம். நிரூபிக்கும் சுமை மட்டும் வேறு. காயத்தின் தன்மையோ மருத்துவத்தின் வளர்ச்சியோ அந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கவில்லை. அரசு யாரைத் தன்னுடையவர் என்று கருதுகிறது என்பதுதான் தீர்மானித்தது.

எங்கள் பக்கம்

இலங்கையில் அரச படையினரின் நலனுக்கென்று 1999 ஆம் ஆண்டின் ரணவிரு சேவைச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் ஓர் அதிகாரசபை இருக்கிறது. காயப்பட்ட சிங்களக் கிராமத்து இளைஞர்களும் கடதாசியோடு அலைந்திருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களை ஓர் அரசு தன்னுடையவர்கள் என்று கருதியது. எங்கள் பக்கத்தில் செல் விழுந்த பொதுமக்களுக்கும், புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் போராளிகளுக்கும் அப்படியொரு ஏற்பாடு இல்லை. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பரிகாரம் என்ற சொல்லைச் சட்டப் புத்தகத்தில் வைத்திருக்கிறது. அதற்குள் யார், எந்தச் சான்றோடு, எவ்வளவு வருவார்கள் என்பதுதான் கேள்வி.

வன்னியில் ஆவணம் எப்படிப் போனது என்பது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. 2009 இல் வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்தன. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவரிடம் அசல் துண்டைக் கேட்பது, செயின்ட் லூயிஸில் எரிந்த கோவையை எரிந்தவரிடமே கேட்பது மாதிரி. ஆகவே கேட்கவேண்டிய அரசியல் கோரிக்கை தெளிவானது: இந்தக் காலத்தில் இந்த நிலப்பரப்பில் இருந்தார் என்று காட்டினால், செல் காயத்தைப் போர்க்காயம் என்று அனுமானிக்க வேண்டும். சந்தேகத்தின் பலன் காயப்பட்டவருக்குச் சேர வேண்டும். உலகத்தில் இல்லாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை.

அது வரும்வரை கையோடு செய்யக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன. இவற்றை வைத்து நாளைக்கே நட்டஈடு கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தத் திட்டம் வந்தாலும், எந்த ஆணைக்குழு வந்தாலும், மூன்று விடயங்களையும்தான் கேட்பார்கள்.

• இப்போதைய நிலைமையைப் பதிவாக்குங்கள். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் பதிந்து, கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். உடம்பில் பீஸ் இருந்தால் எக்ஸ்ரே எடுத்து, அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் உலோகத் துண்டு மறுக்கமுடியாத சாட்சி.

• இடம்பெயர்ந்த பாதையைத் தேடுங்கள். புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குப் போனவர்கள், பிறகு வேறு மாவட்ட வைத்தியசாலைகளுக்கு மாற்றப்பட்டவர்கள், அங்கே அனுமதிப் பதிவு இருக்கிறதா என்று எழுத்துமூலம் கேளுங்கள். "இல்லை" என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் வையுங்கள். தேடினீர்கள் என்பதற்கு அது சான்று.

• வெளிநாட்டு உறவுகளைக் கேளுங்கள். அந்த நாட்களில் நீங்கள் அனுப்பிய கடிதம், முகாமிலிருந்து அனுப்பிய படம், மின்னஞ்சல் இன்னமும் அவர்களிடம் இருக்கலாம். காயத்துக்கு முன் எடுத்த படமும் தேவை. நல்ல காலோடு நிற்கும் கலியாணப் படம் ஓர் ஆதாரம்.

• கண்டவர்களிடம் எழுதி வாங்குங்கள். தூக்கியவர், கட்டுப்போட்டவர், பக்கத்துப் பங்கரில் இருந்தவர். ஒவ்வொருவரும் தான் கண்டதை மட்டும் தனித்தனியாக எழுதட்டும். ஒரே வாசகத்தை எல்லோரும் பார்த்தெழுதினால் நம்பிக்கை போய்விடும். திகதி ஞாபகமில்லாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். "சித்திரைப் புதுவருடத்துக்கு முதல் கிழமை" என்று எழுதுங்கள். சத்தியக்கடதாசியாகச் சமாதான நீதவான் முன்னால் கையொப்பமிட்டால் நல்லது.

• வைத்தியரிடம் காரணத்தையும் கேளுங்கள். "பழைய காயம்" என்று மட்டும் எழுதினால் போதாது. தழும்பின் தன்மை, எக்ஸ்ரேயில் தெரிவது, நீங்கள் சொல்லும் சம்பவத்தோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்று எழுதக் கேளுங்கள். சித்திரவதைக் காயங்களுக்கான இஸ்தான்புல் நெறிமுறை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது எனப் படிப்படியாக எழுதும் முறையைத் தருகிறது. 2019 இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம், முதுகில் சூட்டுத் தழும்போடு வந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், காயம் எப்படி ஏற்பட்டிருக்கும் என்று வைத்திய நிபுணர் தன் கருத்தைச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது.

முன்னாள் போராளிகளுக்கு ஒரு எச்சரிக்கை. எதை எழுதுவது, யாரிடம் கொடுப்பது என்பதைக் கையொப்பமிட முதல் நம்பிக்கையான சட்டத்தரணியிடம் கதையுங்கள். சத்தியக்கடதாசியில் பொய் எழுதக்கூடாது. ஆனால் எழுதும் ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். உண்மையை எழுதினால் விசாரணை வரும் என்ற பயம் இருக்கும்வரை, சான்று இல்லை என்று அவர்களைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

இவற்றைப் பிற்போட முடியாது. கூட நின்றவர்கள் வயதாகிறார்கள், வெளிநாடு போகிறார்கள், செத்துப்போகிறார்கள்.

இதை எழுதி முடிக்க முதல் அந்த அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்று தன்னைத் தூக்கிய ஆள் யார் என்று ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எங்கட ஒழுங்கைப் பெடியன்தான். இப்ப வவுனியாவில கடையொண்டில நிக்கிறான். ஏன் பிள்ளை?"

"அவரிட்ட ஒரு கடிதம் எழுதி வாங்குங்கோ அண்ணை. அண்டைக்கு என்ன கண்டவர் எண்டு, அவர்ர வசனத்திலயே."

"அது காணுமோ?"

காணாது என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தக் கட்டம் இனி வெறுமையாக இருக்காது.